சப்பை மூக்கு வேனும் பழனியம்மா வைத்த கெடுவும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது நடந்தபடி. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் இப்போதே செய்வேன். அமெரிக்காவில், இந்த ஆலன் நகரத்து வீடுகளில் கற்பூரம் கொளுத்தினால் கூரையில் உள்ள புகை மணி கத்தித் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்பதால், கொளுத்தாத கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். இங்கிலீஷில் பேசினவர்களின் பேச்சைத் தமிழில் போட்டிருக்கிறேன். அது ஒன்றுதான் என் கைச்சரக்கு.

பழைய வேன் ரிப்பேர் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. வண்டி சரியாகிவிட்டால் வாடிக்கையாளரின் முகம் வாடிவிடும், மறுபடி வருவதற்குக் காரணம் இல்லையே என்று. பழைய வண்டி ஒன்றை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் தப்பில்லை, புரியாது, அவ்வளவுதான்.

சேவல் டிரைவர்

கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பாதி ஆயுசைக் கழித்தவன் நான். தொண்ணூறுகளில் மகன் அருள் கம்ப்யூட்டர் வேலைக்கு டெக்சாஸ் வந்தான். பின்னாலேயே நானும் என் மனைவி பழனியம்மாவும் வந்து சேர்ந்தோம். வீட்டில் உட்கார முடியாமல் நான் போய் நின்ற இடம் டக் என்ற தாடிக்காரரின் பட்டறை. அங்கே ஒரே ரக வண்டிதான் வரும். அறுபதுகளில் ஜெர்மனியில் செய்தது, முன்னால் மூக்கே இல்லாமல் சப்பையாக இருக்கும், இன்ஜினைப் பின்பக்கம் தூக்கி வைத்திருக்கும். முதல் நாள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று குடத்தோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த இன்ஜின் காற்றிலேயே ஆறிக்கொள்ளுமாம், தண்ணீரே கேட்காதாம். அன்றைக்கே மனசைப் பறிகொடுத்தேன்.

ஒரு நாள் பண்ணைக்காரர் ஒருவர், தன் கொல்லையில் அப்படி ஒன்று கிடக்கிறது, அதில் குடியிருக்கும் கோழிகளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்றார். போய்ப் பார்த்தால் பின் சீட்டு முழுக்கக் கோழிகள். டிரைவர் சீட்டில் ஒரு சேவல், ஸ்டியரிங்குக்குப் பின்னால், ரோட்டைப் பார்த்தபடி. கதவைத் திறந்ததும் அது என்னைப் பார்த்த பார்வையில், இந்த வண்டியில் ஏற டிக்கெட் இருக்கிறதா என்ற கேள்வி இருந்தது.

இன்ஜின் இல்லை, முன் கண்ணாடி இல்லை. கட்டி இழுத்து வந்து அருள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் பளபள கார்கள். பழனியம்மா வெளியே வந்தாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்ததை மறைக்கமாட்டேன். டெக்சாஸில் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் ஊரை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். அவள் லைசென்ஸ் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினாள், ஆனால் ஓட்டிக் காட்டும் பரீட்சையில் இரண்டு தடவை பெயில். கொத்துமல்லித் தழை வாங்கக்கூட ஞாயிற்றுக்கிழமை வரை மகனுக்காகக் காத்திருக்க வேண்டும். இந்த நிலைமையில் ஓடாத வண்டியை ஒருத்தன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால்? வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ஏனுங்க, தீபாவளி வரைக்கும்தான் இது இங்க நிக்கும். அதுக்குள்ள ஓடோணும். எனக்கு ஒருக்காவாச்சும் உபயோகப்படோணும். இல்லீன்னா அந்தச் சேவலையே வந்து ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லிப்போடுங்க."

வணக்கம் சொன்னால் கிளம்பும்

பட்டறையின் முக்கியமான வாடிக்கையாளர் ஏர்ல். பெரிய விமானங்களை ஓட்டி ரிடையர் ஆனவர். அவருடைய தந்த நிற வேன் கராஜுக்குள் மின்விசிறிக்குக் கீழே நிற்கும். அவர் மனைவியின் புதுக் கார் வெளியே வெயிலில் காயும். ஒரு நாள் வேனை விட்டுவிட்டு ஏர்ல் காபி குடிக்கப் போனார். டக் சாவியைத் திருப்பினார், கிளம்பவில்லை. ஒரு மணி நேரம் தேடியும் ஒரு குறையும் அகப்படவில்லை. திரும்பி வந்த ஏர்ல், "குட் மார்னிங் சொன்னீர்களா?" என்று கேட்டார். டக் தாடியைச் சொறிந்தார். நான் இன்ஜின் பக்கம் குனிந்து, "வணக்கமுங்க" என்றேன். சாவியைத் தொடும் முன்பே கிளம்பிவிட்டது. கொங்கு மரியாதைக்கு மயங்காதது எது?

எனக்கு வைக்கப்பட்ட கெடுவைக் கேட்டு ஏர்ல் உருகிப் போனார். மறுநாளே ஒரு இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில், துணி போர்த்தி, பல வருஷமாக வைத்திருந்ததாம். அதை அவர் மனைவியே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார், முகத்தில் அப்படி ஒரு விடுதலை. விமானம் ஓட்டின மனிதருக்கு இந்த நத்தை மேல் என்ன ஆசை என்று கேட்டேன். ஏர்ல் யோசிக்கவே இல்லை.

"ஆகாசத்தில் ஐந்நூறு மைல் வேகத்தில் போனேன், ஒருத்தரும் எனக்குக் கை காட்டினதில்லை. இதில் முப்பத்தைந்தில் போகிறேன், ஊரே கை காட்டுகிறது."

காற்று போன போக்கு

இன்ஜினைப் பூட்டி, முன் கண்ணாடி இல்லாமலே, முதல் தடவையாக வெளியே எடுத்தோம். நான் ஓட்டினேன், டக் பக்கத்தில். வடக்கே போய் ஒரு பிரேக் கேபிள் வாங்கி வரவேண்டும் என்பது ஏற்பாடு. டெக்சாஸ் காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. சப்பை மூக்கு வேன் அதற்கு ஒரு பாய்மரம் மாதிரி. நான் ஸ்டியரிங்கை வடக்கே திருப்புவேன், காற்று மேற்கே திருப்பும். கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தேன். பிறகு பெரியவர்களோடு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். காற்று எங்களைப் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் ஒரு புதுக் குடியிருப்புக்குள், ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த வீட்டிலிருந்து ஒருவர் இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக ஓடி வந்தார். குளியலறை ஜன்னல் வழியாக இன்ஜின் சத்தத்தைக் கேட்டாராம். கேட்டதுமே இன்ன வருஷத்து வண்டி என்று தெரிந்துவிட்டதாம். முன்னால் கண்ணாடி இல்லாததைப் பார்த்துக் கண் கலங்கினார், சோப்பும் காரணமாக இருக்கலாம். கராஜைத் திறந்து, போர்வையில் சுற்றிய முன் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். எப்போதோ இப்படி ஒரு வண்டி வைத்திருந்தாராம். வண்டியை விற்றவருக்குக் கண்ணாடியை விற்க மனசு வரவில்லை. துண்டோடு நின்று அவரே மாட்டிக்கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் டக் ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டிக் காற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். பட்டறை வாசலில் இறங்கியதும் சொன்னார்:

"நாளைக்கு முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்போம். நமக்கு என்ன வேண்டும் என்பதைப் பிறகு முடிவு பண்ணுவோம்."

மாப்பிள்ளை போட்டோ

பட்டறைக்கு வந்த ஒரே தமிழ்ப் பையன் செந்தில். சென்னைக்காரன், சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஒரு சனிக்கிழமை வழி தவறிப் பட்டறைக்குள் வந்தவன், சாயங்காலம் நீல நிற வேன் ஒன்றுக்குச் சொந்தக்காரனாகத் திரும்பிப் போனான். அந்தச் சமயம் பார்த்து வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். இங்கே உள்ள நம் பையன்கள் போட்டோவுக்கு எப்படி நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். புதுக் கார், அதன் மேல் ஒரு கை, கறுப்புக் கண்ணாடி, கார் சிநேகிதனுடையதாகவும் இருக்கலாம். இவன் வேன் கதவில் சாய்ந்து நின்று எடுத்து அனுப்பிவிட்டான். எடுத்தது நான்தான், அதனால் அழகாகவே வந்திருந்தது.

மயிலாப்பூரில் பெண் வீட்டில் பூகம்பம். பெண்ணின் அப்பா செந்திலுக்கே போன் போட்டு, "மாப்பிள்ளை, தப்பா நினைக்கக்கூடாது. அந்த வேன் ஸ்கூலுக்கு ஓடறதா, இல்ல பால் கம்பெனிக்கா?" என்று கேட்டாராம். இவன் விளக்கி விளக்கி ஓய்ந்து போனான். சம்பந்தம் முறிந்தது என்று என் பட்டறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டான். "வேனை வித்துடவா அங்கிள்?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவன் செல்போன் அடித்தது. பெண்ணே பேசினாள். அவன் கேட்டுவிட்டு எழுந்து நின்றான். என் வேனில் இப்போது உள்ள முன் சீட்டு இரண்டும், பிற்பாடு அவன் கல்யாணச் சந்தோஷத்தில் வாங்கிப் போட்டவைதான். அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்:

"காரோட நிக்கிற போட்டோ நாலு வந்துச்சு. நாலு பேரும் கேமராவைப் பார்த்து முறைச்சிட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் வண்டியைப் பார்த்துச் சிரிச்சிட்டிருக்கீங்க. அதை வித்துடாதீங்க."

ஆயுத பூஜையில் நான் செய்த காரியம்

ஆயுத பூஜை அன்று பட்டறையைக் கழுவி, ஸ்பேனர்களுக்கெல்லாம் பொட்டு வைத்தேன். கை சும்மா இருக்குமா? மறுநாள் பழைய வண்டிக் கண்காட்சிக்குப் போவதற்காக ஏர்லின் வேன் பளபளவென்று துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. அதன் சப்பை மூக்கு எனக்கு நெற்றியாகத் தெரிந்தது. திருநீறு மூன்று பட்டை, நடுவில் சந்தனம், அதன் மேல் தாராளமாகக் குங்குமம். வெயில் அடித்தது. டக் வந்து பார்த்தபோது குங்குமம் அந்த வேனின் பழைய தந்த நிறப் பெயிண்டுக்குள் இறங்கிவிட்டிருந்தது. பட்டறையில் இருந்த திரவம் எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தோம். திருநீறு போனது. ரோஜா நிறத்தில் வட்டமாக ஒரு பொட்டு மட்டும் நெற்றியில் தங்கிவிட்டது.

ஏர்ல் வந்தார். விமானத்தைச் சோதிப்பது போல வண்டியை மெதுவாகச் சுற்றினார். டக் என் முதுகுக்குப் பின்னால் நின்றார், ஆறடி ஆள் மறைய அங்கே இடமில்லை என்றாலும். "இது என்ன?" என்றார் ஏர்ல். வருஷம் பூரா உழைத்த வண்டிக்கும் கருவிக்கும் எங்கள் ஊரில் ஒரு நாள் மரியாதை உண்டு என்றேன். "ஊர் முழுக்கவா?" என்றார். ஊர் முழுக்க, லாரி, பஸ், மாவு மில் எல்லாம் என்றேன். "இத்தனை வருஷமாக நான் ஒருத்தன்தான் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். பொட்டோடு கண்காட்சிக்குப் போனார். நடுவர்கள் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு அங்கேயே நின்றார்களாம். ஏர்ல் என்னைவிட விவரமாக ஆயுத பூஜையை விளக்கினாராம். முதல் பரிசுக் கோப்பையோடு திரும்பினார்.

திங்கட்கிழமை பட்டறை வாசலில் வேன்கள் வரிசை கட்டி நின்றன, தெருமுனை வரை. ஒவ்வொருவர் கையிலும் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைப்பார்கள் என்பதையும் ஏர்ல் சொல்லியிருக்கிறார். அது அமெரிக்காவில் பேய்த் திருவிழா வரும் மாதம், வீட்டு வாசல்தோறும் பேய் முகம் வெட்டிய பூசணிக்காய். கடைசியாக நின்ற ஒரு அம்மாள் பெரிய காய் ஒன்றைக் கட்டியணைத்துக்கொண்டு வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"இதில் நான் ஏற்கெனவே கண்ணும் பல்லும் வெட்டிவிட்டேன். உங்கள் சாமி கோபித்துக்கொள்ளுமா?"

கெடு முடிந்த நாள்

தீபாவளி வந்தது. இங்கே அதற்கு லீவு கிடையாது, அருள் வேலைக்குப் போய்விட்டான். வேன் ஓடியது. ஆனால் அவளுக்கு ஒரு தடவையாவது உபயோகப்பட வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனை பாக்கி. எங்கே கூட்டிப்போகட்டும் என்று கேட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பட்டுச் சேலை கட்டி நின்ற பழனியம்மா, "நகருங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். கிளட்சை மிதித்து, கியர் போட்டு, ஒரு உதறல் இல்லாமல் தெருவுக்கு எடுத்தாள். பக்கத்து சீட்டில் தொற்றிக்கொண்ட நான் வாய் பிளந்தேன். அவள் அப்பாவின் டிராக்டரை ஓட்டிப் பழகினவள் என்பது எனக்குத் தெரியும். அப்படியும் ஏன் இரண்டு தடவை பெயிலானாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மகனுடைய காரில் கிளட்ச் கிடையாது. இவளுடைய இடது கால் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். இரண்டு தடவையும் பரீட்சை அதிகாரியின் நெற்றி கண்ணாடியில் போய் முட்டியிருக்கிறது. "எடது காலுக்கு வேலையே குடுக்காம எப்படீங்க ஒரு வண்டி ஓட்டறது?" என்றாள். நேராக லைசென்ஸ் ஆபீசுக்கு விட்டாள்.

அதே அதிகாரி. பழனியம்மாவைப் பார்த்ததும் நெற்றியைத் தடவிக்கொண்டார். வேனைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி ஏறி உட்கார்ந்தார். பரீட்சை என்பது பத்து நிமிஷ வேலை. ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. இன்றைக்கும் பெயில் என்றால் வேனும் போச்சு, என் மானமும் போச்சு. வேன் தூரத்தில் தெரிந்தது, ஆபீஸைத் தாண்டி மறுபடி போனது. கூடவே வேறு சில வேன்கள், ஏர்லுடையதும் செந்திலுடையதும், எப்படியோ பின்னால் ஊர்வலமாகச் சேர்ந்திருந்தன. கடைசியில் வந்து நின்றபோது அதிகாரி இறங்க மனசில்லாமல் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"உங்கள் மனைவி முதல் திருப்பத்திலேயே பாஸ். மீதி எல்லாம் எனக்காக ஓட்டினார்."

பழனியம்மா இறங்கவே இல்லை. சாவியைக் கேட்டுக் கை நீட்டினேன். ஜன்னல் வழியாக, அவ்வளவு உயரத்திலிருந்து, என்னைக் குனிந்து பார்த்தாள்:

"வண்டி எங்கயும் போகவேண்டாமுங்க, வாசல்லயே நிக்கட்டும். உங்களுக்கு எங்காச்சும் போகோணும்னா மட்டும் முந்தின நாளே சொல்லிப்போடுங்க."

பழைய வேன் மேல் ஜனங்களுக்கு ஏன் இத்தனை பக்தி என்றால், அதில் ஏறி உட்கார்ந்தவர்கள் அதற்கப்புறம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, காத்திருப்பது நாம்தான். இதை ஊர் முழுக்கச் சொல்லுங்கள், சொன்னது இன்னார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், நாளைக்கு நான் முடி வெட்டிக்கொள்ளப் போகவேண்டும், பழனியம்மாவிடம் இன்னும் வண்டி கேட்டு வைக்கவில்லை.