வாத்தியார் வீட்டுச் சாவி

மலைக்கு மாற்றலாகி வரும் அரசு ஊழியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் வருகிறவரிடம் ஆபீஸ் பொறுப்பை மட்டும் ஒப்படைத்துவிட்டுப் போவதில்லை. வாடகை வீடு, கேஸ் சிலிண்டர், இரும்புக் கட்டில், தண்ணீர்க் குடங்கள், பால்காரரின் போன் நம்பர் என்று எல்லாமே கைமாறும். இத்தனையையும் கீழேயிருந்து அந்த வளைவுகளில் ஏற்றிக்கொண்டு வர யாருக்குப் பைத்தியம்? வாழவந்தி நாடு என்ற மலையூருக்கு மாற்றலாகி வந்த வனிதாவுக்கு இந்தச் சாமான்களோடு சேர்த்து ஒரு மனிதரும் கைமாறி வந்தார்.

அவர் சூசைமாணிக்கம் வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர். கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே ஓய்வு பெற்று, மனைவியை இங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் தங்கிவிட்டவர். பிள்ளைகள் இல்லை. முட்டி மடங்காது, பார்வையும் பாதிதான். வனிதாவுக்கு முன்னால் அதே ஆபீஸில் இருந்த சுகுணா, கிளம்பும் நாளில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். “சிலிண்டர் பாதி இருக்குதுங்க. கட்டில்ல ஒரு கால் ஆடும். வாத்தியாருக்குக் காலைல இட்லி, ராத்திரி கஞ்சி. மாத்திரை மஞ்ச டப்பாவுல.” சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். சுகுணாவுக்கு அவர் யாரிடமிருந்து வந்தார் என்று வனிதா கேட்கவில்லை. சிலிண்டரைப் பற்றியும்தான் கேட்கவில்லை.

ஏதோ புண்ணியமாகப் போகட்டும் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் வனிதா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை, வினையே அங்கேதான். மலையில் வேலை பார்க்கும் ஊழியர்கள் சேர்ந்து, தனியாக இருக்கும் முதியவர்களைக் கவனிக்க ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு வீடு. பெரும்பாலானவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வரை நிம்மதியாக இருப்பார்கள். வனிதாவோ வாத்தியாருக்கு நகம் வெட்டினாள், போர்வை துவைத்தாள், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியே வாங்கிவிட்டாள். குழு அவளுக்கு ஒரு சால்வை போர்த்திக் கைதட்டியது. கைதட்டியவர்கள் அத்தோடு வாத்தியார் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மேல்வீட்டு ராதிகா ஒருநாள் பலாச்சுளை கொடுத்து, வாத்தியாருக்கு வயிறு கெட்டுப்போனது. வனிதா நேரே மேலே போனாள். “இனிமேல் யாரும் எதுவும் குடுக்க வேண்டாமுங்க. நானே பார்த்துக்கறேன்” என்றாள். ராதிகா மிளகுத் தோட்டத்துக்காரி, வாய் ஓயாதவள். ஆனால் ஆபீஸ் மேடம் சொன்னதற்கு மறுபேச்சு உண்டா? “சரிங்க” என்றதோடு சரி. அந்தப் பாதையில் போகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மழை நாளில் வாத்தியார் தடி ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய், நனைந்து, காய்ச்சலில் படுத்தார். வனிதா பக்கத்து ஊரான சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பூட்டு வாங்கினாள். ஆபீஸுக்குப் போகும்போது வெளியே பூட்டுவாள், வந்ததும் திறப்பாள்.

“உங்க நல்லதுக்குத்தான் சார்.”

“சரி கண்ணு” என்றார் அவர்.

அடுத்த பூட்டு வனிதாவுக்கு விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத பூட்டு, அவ்வளவுதான். ராசிபுரத்தில் கணவன் பூபாலனும் ஒன்பதாவது படிக்கும் மகள் மோனிஷாவும் இருந்தார்கள். முன்பெல்லாம் சனிக்கிழமை இறங்கி ஞாயிறு ஏறுவாள். இப்போது டீக்கடை அம்மாவிடம் சாவியைக் கொடுத்து, சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது தட்டு வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். வாத்தியார் பட்டினி. “நீ வந்துருவேன்னு தெரியும் கண்ணு” என்பார். ஊருக்குப் போவது மாதம் ஒருமுறை என்று ஆனது, பிறகு அதுவும் இல்லை. “எங்களையெல்லாம் எந்த வரிசையில வெச்சிருக்கே?” என்று பூபாலன் போனில் கேட்டான். மோனிஷா போனுக்கே வருவதில்லை.

இந்த நிலையில்தான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மாற்றல் வந்தது. ராசிபுரத்துக்கே. வனிதா ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் கேட்டது.

அவள் இடத்துக்கு ஜான்பீட்டர் வந்தான். லால்குடிப் பக்கம், இன்னும் கல்யாணமாகாதவன். வீட்டைப் பார்த்தான், பிடித்தது. சிலிண்டர், கட்டில், குடங்கள், ஜன்னல் திரை வரை வாங்கிக்கொண்டான். வனிதா அவனை வாத்தியாரிடம் கூட்டிப்போய், மாத்திரை டப்பாவையும் சாவியையும் காட்டினாள். அவன் வாசலுக்கு வெளியே வந்து குரலைத் தாழ்த்தினான்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்கப்பாவே படுக்கையில கிடக்காரு. அவரைப் பார்க்க முடியாமத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன். இவரைப் பாத்தா எனக்கு அவரு ஞாபகம் வரும். என்னால ஆகாது.”

திட்டவும் முடியவில்லை. குழுவில் எழுதிப் போட்டாள். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ஆள் வரவில்லை.

ஆபீஸில் விடுவித்துவிட்டார்கள். கீழே போய்ச் சேர வேண்டிய நாள் நெருங்கியது. வனிதா மலையிலேயே கிடந்தாள். தன் வேலையில் இன்னொருவன் உட்கார்ந்திருக்க, தன் கட்டிலில் இன்னொருவன் பெட்டியை வைத்திருக்க, அவள் வாத்தியார் வீட்டு அடுப்படியில் பாய் போட்டுப் படுத்தாள். ஒருநாள் அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவும்போது, இந்த மனிதர் செத்துத் தொலைந்தால் தேவலை என்று நினைத்தாள். தெளிவாக, வார்த்தை வார்த்தையாக நினைத்தாள். நினைத்தது தான்தான் என்று புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. கிண்ணத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து, கால் போன போக்கில் மேலே நடந்தாள்.

ராதிகா முற்றத்தில் மிளகு காயப்போட்டிருந்தாள். வனிதா வந்த வேகத்தில் கேட்டேவிட்டாள்.

“அக்கா, வாத்தியாரை உங்களால பார்த்துக்க முடியுங்களா?”

ராதிகா நிமிர்ந்தாள். “நாங்க முடியாதுன்னு யாருங்க சொன்னது? நீங்கதானே வேண்டாமுன்னீங்க. அப்பறம் பூட்டும் போட்டுட்டீங்க. பூட்டுன ஊட்டுக்குள்ள நாங்க எப்படிங்க எட்டிப் பாக்கறது?”

“இல்லீங்க, அவரு ரோட்டுக்குப் போயிடறாருன்னுதான்...”

“போவாரு. அவரு சம்சாரம் இருக்கறப்பவே சாயங்காலமானா பஸ் பாக்கப் போவாரு. போறவங்க வாரவங்க யாராச்சும் கூட்டியாந்து உட்டுருவம். ஆளுக்கொரு வாய் குடுப்பம். யாருக்கும் பாரமா தெரிஞ்சதில்லீங்க. ஆபீஸ்காரங்க வந்துதான் அவர உங்க ஆளாக்கிட்டீங்க.”

வனிதாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இறங்கி வந்தாள்.

மறுநாள், கீழே சேர வேண்டிய கடைசி நாள், காலையில் ராதிகா களியும் கீரையும் கொண்டுவந்தாள். வாத்தியார் கையை நீட்டி வாங்கினார். ராதிகா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மாமியாரைப் பற்றி ஒரு மூச்சு புகார் வாசித்தாள். அவர் சிரித்துச் சிரித்துத் தட்டைக் காலி செய்தார். வனிதா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். கோபம்தான் வந்தது.

ராதிகா பாத்திரத்தோடு போனபின் கேட்டாள். “என்னைத் தவிர யாரு குடுத்தாலும் சாப்பிட மாட்டீங்களே சார்?”

“யார் கண்ணு சொன்னது?”

“டீக்கடை அம்மா வெச்ச தட்டை எத்தனை தடவை அப்படியே வெச்சிருந்தீங்க?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “அந்தம்மா பூட்டைத் தொறக்கும், தட்டை வெக்கும், மறுபடி பூட்டிட்டுப் போயிரும். ஜெயில்ல அப்படித்தான் குடுப்பாங்க. எனக்கு இறங்கல. நீ வந்தா பத்து நிமிஷம் உக்காருவே. அதான் காத்திருந்தேன்.”

குரலில் வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பாள். கீழே பஸ் ஹாரன் கேட்டது. “போய்ட்டு வா கண்ணு. பிள்ளைய நல்லாப் பார்த்துக்க” என்றார். அவள் அவர் காலைத் தொட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

டிரைவர் டீ குடித்துவிட்டு வரும்வரை பஸ் நின்றது. வனிதா வேண்டுமென்றே வீடு தெரியாத பக்கமாக உட்கார்ந்து, எதிரே இருந்த வாழைத் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சோளக்காட்டில் பஸ் நின்று பலாப்பழ மூட்டைகளை ஏற்றியது. கைக்குட்டைக்காகப் பைக்குள் கையை விட்டாள். விரலில் சாவி பட்டது.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வெளியே வந்தது, கதவைச் சாத்தியது, பூட்டியது, இழுத்துப் பார்த்தது எல்லாமே அவள் கைகள் தாமாகச் செய்த வேலை. தினமும் செய்த வேலை. வாத்தியார் உள்ளே இருக்கிறார், சாவி சோளக்காட்டில் இருக்கிறது. அவரும் கூப்பிட்டிருக்க மாட்டார். கூப்பிடும் பழக்கம்தான் அவருக்கு எப்போதோ போய்விட்டதே. இன்று கீழே போய்ச் சேராவிட்டால் மாற்றல் கையை விட்டுப் போகும். வனிதா எழுந்தாள். பையை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் போன் அடித்தது. ராதிகா.

“அக்கா, பூட்டிட்டு வந்துட்டேன். நான் திரும்பி வாரேன்.”

“வராதீங்க, வராதீங்க. நீங்க ஓடுனதுமே பூட்டு தொங்கறதப் பாத்துட்டேன். கொடுவாளால நாலு தட்டுத் தட்டிப் பூட்ட அப்பவே எடுத்தாச்சுங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன், நீங்க பதறுவீங்கன்னு.”

“சார் எங்கேங்க?”

“பஸ் ஸ்டாப்புலதான் உக்காந்திருக்காரு. கதவத் தொறந்ததும் தடிய எடுத்துக்கிட்டு வெரசா வந்தாருங்க. உங்க பஸ்ஸு கெளம்பறப்ப ரோட்டோரம் நின்னு கை காட்டுனாரு. நீங்கதான் அந்தப் பக்கமா பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

கண்டக்டர், இறங்குகிறீர்களா இல்லையா என்று இரண்டாவது முறையாகக் கேட்டார். வனிதா சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.