திரும்பி வந்த தட்டு

என் அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணத்துக்கு முன்னால் இஸ்திரிப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் சோதனை மேசையில் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்கு ‘ரிட்டர்ன் அக்கா’ என்று பெயர். சரியில்லாததைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவாள்.

மேசையில் இரண்டு மீட்டர்கள். ஒன்று வோல்ட் காட்டும், மற்றது ஆம்பியர். பெட்டிக்குள் வைக்கும் கம்பிச்சுருளுக்கு 240 வோல்ட் கொடுத்தால் 5 ஆம்பியர் ஓட வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, 48 ஓம். இரண்டையும் பெருக்கினால் மின்திறன், 1200 வாட். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதும் அதுதான். அத்தை விரல் மடக்காமல் இந்தக் கணக்கைப் போடுவாள்.

மழை பெய்த ஒரு காலையில், சுருள்கள் அடுக்கி வந்த தட்டில் எதை மாட்டினாலும் ஆம்பியர் முள் ஆறைத் தொட்டது. தடை நாற்பதுதான்; திறனோ 1440. அந்தச் சூட்டில் சட்டை கருகிப்போகும். தட்டை அப்படியே திருப்பி அனுப்பினாள்.

சற்று நேரத்தில் சுருள் சுற்றுபவரே தட்டோடு வந்து நின்றார்.

“ஒரு சுத்துகூட குறையல. உங்க மீட்டரைத்தான் பாக்கணும்.”

“கம்பி குட்டையா இருக்கும். அதான் தடை குறையுது.”

“என் கையைப் பத்தி இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்ல.”

“நான் கையைச் சொல்லல, கணக்கைச் சொல்றேன்.”

அவர் முகம் சுண்டிப்போனது. அத்தைக்கு மனசு கேட்கவில்லை. முந்தைய நாள் சுருள் ஒன்றை எடுத்து மாட்டினாள். முள் ஐந்தில் நின்றது. மீட்டரில் பழுதில்லை. அவர் பழைய சுருளையும் புதியதையும் பிரித்து, இரண்டு கம்பிகளையும் அருகருகே நீட்டினார். நீளம் ஒன்றுதான். பிறகு புதிய கம்பியை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

“இது கொஞ்சம் தடிமனா இருக்குங்க.”

மைக்ரோமீட்டரில் அளந்தார்கள். உண்மைதான். புதிதாக வந்த கம்பியே மாறி வந்திருந்தது. தடித்த கம்பியில் மின்சாரத்துக்கு வழி அகலம், தடை குறைந்துவிடும்.

“அப்ப நீங்களும் சரி, நானும் சரி” என்று அத்தை சிரித்தாள்.

“அப்பாடா! ரிட்டர்ன் அக்கா வாயால ‘சரி’ன்னு கேட்டாச்சு.”

அன்றிலிருந்து தட்டை அவரே கொண்டுவர ஆரம்பித்தார். தொழிற்சாலை முழுக்கச் சாடை பேசியது. ஒருநாள் மதியம், தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“என்னையும் திருப்பி அனுப்பிடுவீங்களா?”

“சோதிச்சுப் பாக்காம எதையும் நான் திருப்பினதில்ல” என்றாளாம் அத்தை.

அப்படித்தான் அவர் எங்களுக்கு மாமா ஆனார்.

பள்ளி விடுமுறையில் நான் போய்த் தங்கும் அவர்களுடைய மாடி வீட்டில் சாயங்காலமானால் மின்சாரம் மங்கும். ஜன்னலோரப் பலகையில் மாமா ஈரம் காயாத சட்டையை விரித்து, பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்ப்பார். சூடே ஏறாது.

“வோல்டேஜ் பாதிதான் வருது. அப்ப சூடும் பாதியாவது வரணுமில்ல?”

“ஆம்பியரும்தானே பாதியாகுது? பாதியைப் பாதியால பெருக்குங்க. கால்வாசிதான்.”

“சரி, கால்வாசி சூட்டுல கால்வாசி சட்டை தேச்சிட்டேன். மிச்சத்தை நீ தேய்.”

மாமா பேச, அத்தை மறுக்க, வெதுவெதுப்பான ஈரத்துணி வாசனையில் நான் அங்கேயே தூங்கிப்போவேன்.

மாமா காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அத்தை இப்போது எங்களோடு இருக்கிறாள். இங்கே மின்சாரம் மங்குவதே இல்லை. என் சட்டைகளை அவள்தான் தேய்க்கிறாள், சொன்னாலும் விடுவதில்லை. கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டு, பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவாள்.

“சீக்கிரம் முடிஞ்சிடுதுடா” என்பாள், ஏதோ குறைபோல.