நீலப் பட்டன் வைச்ச வயல்

என்ர தம்பி நிரூபனை எங்கட ஊர் முருங்கனில ஆரைக் கேட்டாலும் "அந்தக் கொம்பியூட்டர் பெடியன்" எண்டுதான் சொல்லுவினம். கதிர்காமுவின்ர மகனுக்கு வயலில கால் வைக்க வெக்கமாம் எண்டும் சேத்துச் சொல்லுவினம். அவையின்ர வாய்க்கு என்ன! அவன் வயலைத் தவிர வேற ஒண்டையும் நினைச்சதில்லை எண்டு எனக்கெல்லோ தெரியும்.

எங்கட வயல் வாய்க்காலின்ர கடைசியில கிடக்கு. குளத்தில திறக்கிற தண்ணி மேல்வயல்காரர் எல்லாருக்கும் பாஞ்சு முடிஞ்ச பிறகுதான் எங்களிட்ட வரும். சில போகம் வரவே வராது. கிணறு வெட்டினால் உப்புத் தண்ணி. இருபத்திமூண்டு வயதில அவன் செய்யத் தொடங்கின கேமும் இதேதான். ஒரு நெல்லு வேர். விளையாடுற ஆள் விரலால அதை மண்ணுக்குள்ள இழுத்துக்கொண்டு போகோணும். மேல தண்ணி இல்லை, கீழ போனால் உப்பு. தண்ணி வருமட்டும் வேரைக் காப்பாத்தினால் வெற்றி. எப்ப வரும் எண்டு மட்டும் சொல்லமாட்டான்.

முதல்ல கொப்பித் தாளில கட்டம் கீறி, சோடா மூடியை வேராக்கி, எங்களை இருத்தி விளையாட வைச்சான். பிறகு ஒரு பழைய லாப்டொப்பில இருந்து அதைப் போனில ஓடுற மாதிரிச் செய்தான். கொழும்பில கேம் செய்யிற கொம்பனி ஒண்டு ஒரே ஒரு ஆளை வேலைக்கு எடுக்கிறதுக்கு, செய்த கேம் ஒண்டை மாதிரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தது. அனுப்பினான். ரெண்டு கிழமையில நேர வரச் சொல்லிப் பதில் வந்தது. அது கிடைக்காட்டி கட்டார்தான். மாமா விசா எடுத்து வைச்சிட்டார்.

கொழும்புக்குப் போறதுக்கு முதல் நாள் காலமை அம்மாவிட்ட போனைக் குடுத்தான். அம்மா பத்து நிமிசம் விளையாடினா. தண்ணி வரேல்லை. பயிர் மஞ்சளாகி விழுந்திட்டுது. எதுக்கும் அசையாத மனிசி, போனை மடியில வைச்சுக்கொண்டு அழுதா. "இதிலயுமோடா?" எண்டா. அப்பா எழும்பி வெளியில போயிட்டார்.

எனக்கு விசர் வந்திட்டுது. "டேய், உனக்கு மூளை பழுதோ? கேமிலயும் எங்களைக் காயவிட்டுத்தான் பாக்கோணுமோ? கொழும்புச் சனம் பாத்துச் சிரிக்கப்போகுது. ஒரு பட்டனை வை. அமத்தினால் தண்ணி வரட்டும்."

"அக்கா, அப்ப அதில விளையாட என்ன இருக்கு?"

"வாயை மூடிக்கொண்டு வை!"

வைச்சான். பகல் முழுக்க இருந்து செய்தான். நீலப் பட்டன். அம்மா அமத்தினா, பயிர் நிமிந்துது. அப்பாவும் வந்து அமத்திப் பாத்தார். அண்டைக்கு வீட்டில எல்லாரும் சிரிச்சம்.

கொழும்புக்கு நானும் கூடப் போனன். மேசைக்கு அங்கால இருந்த மூண்டு பேரில ஒரு ஆள் தமிழ் மிஸ். போனை வாங்கிப் பட்டனை ரெண்டு தரம் அமத்தினா. முகம் விழுந்திட்டுது.

"தம்பி, நீங்கள் அனுப்பினதில இது இல்லையே. அந்தக் காத்திருக்கிறதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டனாங்கள். எங்கட கந்தோரில எல்லாரும் எழும்பேலாமல் இருந்து விளையாடினவை. ஏன் மாத்தினனீங்கள்?"

அவன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. "பயிர் வாடுறது பாவமாக் கிடந்தது மிஸ்" எண்டான். அவ மற்ற ரெண்டு பேருக்கும் அதை இங்கிலீசில சொன்னா. அவை சிரிச்சினம். பழையதைக் காட்டட்டோ எண்டு கேட்டான். தன்ர கேமில தனக்கே நம்பிக்கையுள்ள ஆள்தான் வேணும் எண்டு சொல்லி அனுப்பிட்டினம்.

எனக்கு இண்டைக்கும் ஆறேல்லை. நாங்கள் காலங்காலமாக் காஞ்சது அவைக்கு எழும்பேலாத விளையாட்டு. எங்களுக்கு நாங்களே ஒரு சொட்டுத் தண்ணி விட்டால் கேம் கெட்டுப்போச்சாம்! ஆனா ஆரைத் திட்டி என்ன? அவன்ர வேலையைக் கெடுத்தது என்ர வாய்தான்.

நிரூபன் இப்ப கட்டாரில ஒரு ஸ்டோரில பெட்டி அடுக்கிறான். கேமைப் பற்றிக் கேட்டால், "விடுங்கோ அக்கா" எண்டு வேற கதைக்குப் போயிடுவான்.

இந்தப் போகமும் தண்ணி எங்கட வரம்புக்கு வரேல்லை. அப்பா காஞ்ச பயிருக்குள்ள மாட்டை அவிட்டு விட்டிட்டார். அம்மா பின்னேரத்தில, அவன் விட்டிட்டுப் போன போனில கேமைத் திறந்து நீலப் பட்டனை அமத்திக்கொண்டு இருக்கிறா. "பார் பிள்ளை, தம்பின்ர வயல் எப்பிடி நிக்குது" எண்டு என்னட்ட நீட்டுறா.

நான் பாக்கிறேல்லை.