மேலே மிதந்த எண்ணெய்

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை கேண்டீனில் நீளக்கைக் கரண்டி ஒன்று இருந்தது. கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளியைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. குழம்பு கொதித்து அடங்கியதும், அண்டாவின் மேலே திரண்டு நிற்கும் எண்ணெயை அதில் வழித்துத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்வார். அடியில் மிஞ்சிய தண்ணீர், ஷிப்டு முடிந்து வரும் பெண்களுக்கு. "ஏண்ணே, மொளகாப்பொடியக் கரைச்சு ஊத்துனீகளா?" என்று ஒருத்தி கேட்டாள். "உழைக்குற உடம்புக்கு எண்ணெ ஆகாது தாயி" என்றார். தொண்ணூறுகளின் கடைசியில், எட்டாவதோடு பள்ளியை விட்டு நாலைந்து ஊர் சுற்றி வந்திருந்த நான் அவருடைய வேனை ஓட்டினேன். எனக்கும் அந்தத் தண்ணீர்தான்.

தொந்தியைச் செல்வாக்கு என்று நினைத்தவர். மூச்சிரைத்து, கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போன பிறகுதான் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் வரச் சம்மதித்தார். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: "கொழுப்பு சும்மா கெடக்குற மூட்டைனு நெனைக்காதீங்க. அது ஓயாம ரத்தத்துல சேதி அனுப்புது. புண்ணு வந்தா உடம்பு சண்டைக்கு நிக்கும்ல, அந்த மாதிரி, புண்ணே இல்லாம உள்ளுக்குள்ள அழற்சி. வருசக்கணக்கா அதுலயே கெடந்து இதயத் தசை கெட்டுப்போச்சு. சாப்பாட்ட மாத்தலைன்னா தாங்காது."

"வருசா வருசம் பழனிக்கு நடக்குறவன் நான். எனக்கா நெஞ்சு கெடும்?" என்றார். பாதி வழி என் வேனில் வந்தது முருகனுக்குத் தெரியும். எண்ணெய் மிதக்காத குழம்பு, காய், அளவான சோறு என்று டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டை மடியில் வைத்துக்கொண்டே, பிரியாணிக் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

மூன்று மாதத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சாப்பிட அனுமதித்த அன்று, "எண்ணெ இல்லாம எப்படிப்பா கொழம்பு வைக்கிறது?" என்று அவர் மனைவி விழித்தார். நான் ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் அவர் முகம் கோணியது.

"ஏலே, என்னடா இது? மனுசன் திம்பானா இத?"

"நம்ம கேண்டீன் கொழம்புதேன் முதலாளி."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கப்படுகிறார் என்று ஒரு கணம் நம்பினேன். சற்று நேரத்தில் திரும்பி, வெளியே போய் மட்டன் சுக்கா வாங்கி வரச் சொன்னார். வண்டிச் சாவியை அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு, சொந்த ஊர் வடமதுரைக்கு பஸ் ஏறினேன். பத்து நாளில் செத்துப்போனார்.

இறந்தவரைப் பற்றி நல்லதாக ஒன்றாவது எழுத வேண்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்தேன். அந்தக் குழம்பை ஒரு வாய் தின்று பார்த்தார். அவ்வளவுதான்.