மாமனார் கொண்டுவந்த சீர்

என் மாமனார் தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்தார். அதில் முக்கால்வாசிக் காலத்தைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே கழித்தார் என்று என் மாமியார் சொல்வார். அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. அவர் வெறுங்கையோடு வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. ஒன்றும் கிடைக்காத நாளில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது இருக்கும். யாருக்கு எது பிடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. எது பிடிக்காது என்பதுதான் கடைசி வரை பிடிபடவில்லை. எனக்குப் பாகற்காய் ஆகாது. "ஒடம்புக்கு நல்லது ஆத்தா" என்று வாரம் தவறாமல் வாங்கிவருவார்.

எங்கள் ஊர் அன்னவாசல் பக்கம். இங்கே கல்யாணமான பெண்ணுக்குப் பொங்கலுக்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து சீர் வரவேண்டும். கரும்பு, மஞ்சள் கொத்து, பானை, அரிசி, வெல்லம், சேலை. சாமானை விட, அது வாசலில் வந்து இறங்குவதுதான் முக்கியம். தெருவே பார்க்கும். எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருடம் அப்பா இறந்துபோனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவின் தலைத்திவசம் முடிந்து வந்த முதல் பொங்கல் நெருங்க நெருங்க எனக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டில் கரும்புக் கட்டு இறங்கியபோது நான் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். நாதியில்லாதவள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

மாமனார் வழக்கம்போல் கொடும்பாளூரில் இருக்கும் தன் மகளுக்குச் சீர் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினார். மத்தியானம் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கரும்பு இறங்கியது, பானை இறங்கியது, பின்னாலேயே இவரும் இறங்கினார். இறங்கியவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றார்.

"என்னங்க, கால் வலிக்குதா? உள்ள வாங்க" என்றார் மாமியார்.

"வாரேன் சம்பந்தி. நல்லா இருக்கீங்களா? எங்க புள்ளைக்குச் சீர் கொண்டாந்திருக்கேன். அவ வந்து கூப்புடட்டும்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். தெருவில் சிரிப்பு. எனக்கோ முகமெல்லாம் சூடாகிவிட்டது. இரக்கப்பட்டுத்தானே செய்கிறார் என்று கோபம். வாசலுக்குப் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கு யாரும் பாவம் பாக்க வேணாம் மாமா" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாவம் பாத்தா ஒத்தக் கரும்போட நிறுத்தியிருப்பேன் ஆத்தா. எம் மகளுக்கு எத்தனையோ, ஒனக்கும் அத்தனை. எண்ணிப் பாத்துக்க. வெயில்ல நிக்கிறேன், சீக்கிரம் தண்ணியக் கொண்டா."

நான் எண்ணவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுத்த வேகத்தில் பாதித் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது.

அன்று முழுக்க அவர் விருந்தாளியாகவே இருந்தார். தன் வீட்டிலேயே "பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். சாயங்காலம் சொல்லிக்கொண்டு கிளம்பி, தெருமுனை வரை போய், மாமனாராகத் திரும்பி வந்து, "யாரு வந்துட்டுப் போனது?" என்று விசாரித்தார்.

அதன்பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. மாமியாரும் மெல்ல மெல்ல ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார். "போன வருசம் வெல்லம் கூட இருந்துச்சே சம்பந்தி" என்று முகத்தைச் சுளிப்பார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன என் மகன், வீடியோ காலில் இந்தக் கூத்தைப் பார்ப்பதற்காகவே லீவு போட்டான். எண்பத்தைந்துக்கு மேல் பஸ் ஏறக் கூடாது என்று என் கணவர் தடுத்தார். சரி என்று சொல்லிவிட்டு, ஆட்டோவில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினார். தலை நரைத்த பிறகும் பொங்கலுக்கு முந்தைய நாட்களில் என் காது வாசலிலேயே இருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் உண்மை.

போன புரட்டாசியில் ஒருநாள் காலை, காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே போய்விட்டார். கல்யாணச் சாவு. கொட்டு முழங்கியது. வந்தவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள், அழுததை விடச் சிரித்ததுதான் அதிகம்.

பிறகு கோடி போடும் நேரம் வந்தது. சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவராகப் புது வேட்டி கொண்டுவந்து உடல்மேல் போர்த்த வேண்டும். மகளின் புகுந்த வீட்டுக் கோடி விழுந்தது. முன்னால் நின்று நடத்திய பெரியவர் தூரத்து உறவு, எங்கள் வீட்டு விவரம் தெரியாதவர்.

"மருமக பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? கொண்டாங்க" என்று உரக்கக் கேட்டார்.

இத்தனை வருடம் எதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று பயந்தேனோ, அதை ஊர் நடுவில் கேட்டாகிவிட்டது. நான் தரையைப் பார்த்தேன்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்தார்.

"அவ பொறந்த வீடுதான் இங்க படுத்துக் கெடக்கு. வேற யாரக் கொண்டாரச் சொல்றீங்க?"

என் கணவரிடம் சொல்லி ஒரு புது வேட்டியை எடுத்துவர வைத்து, அதை என் கையில் கொடுத்தார். "நீயே போடு ஆத்தா."

எங்கள் பக்கம் ஆண்கள்தான் கோடி போடுவார்கள். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் வேட்டியை விரித்து, கழுத்திலிருந்து கால் வரை போர்த்தினேன்.