கதைக்குச் சட்டை மாற்றுகிறவர்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு விசில் சார் என்றுதான் பெயர். உடற்கல்வி ஆசிரியர். கழுத்தில் ஒரு விசில் தொங்கும், ஆனால் அதை அவர் ஊதிப் பார்த்தவர்கள் குறைவு. உதட்டைக் குவித்து ஒரு விசில் அடித்தால் போதும், மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிறவன் அப்படியே நிற்பான். இளமையில் நீளம் தாண்டியவர். ஒருநாள் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. அதோடு தாண்டுவது போய், தாண்டச் சொல்லிக்கொடுப்பது பிழைப்பானது.

வாழ்க்கைத் திறன் வகுப்பு அவராகக் கேட்டு வாங்கியதல்ல, தலையில் கட்டியது. உடம்பு, மனசு, கோபம், போதை, காதல், வயதுக்கு வருவது என்று வீட்டில் யாரும் வாய் திறக்காத சங்கதிகளை எல்லாம் வாரம் ஒரு பீரியடில் பேச வேண்டும். கணக்கு டீச்சர் போர்ஷன் முடியவில்லை என்று நழுவினார். அறிவியல் டீச்சரோ இனப்பெருக்கப் பாடத்தையே "வீட்ல படிச்சுக்கோங்க" என்று புரட்டிவிடுகிறவர். தலைமை ஆசிரியை கடைசியில் மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"சார், மழை பெஞ்சா நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

"வாரா வாரம் மழை பெய்யாதே மேடம்."

"வகுப்பு வரும். எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகு அதில் உயிரையே வைத்துவிட்டார். பயிற்சிக்குப் போனபோது ஒரு அம்மா சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் அவருக்குப் பிடித்துப்போனது: பிள்ளைகளுக்கு உபதேசம் ஏறாது, நிஜத்தில் நடந்ததைச் சொல்லுங்கள், ஆனால் யார் என்று தெரியாதபடி அடையாளத்தை மாற்றிவிடுங்கள். இதற்கு அவர் வைத்த பெயர் "சட்டை மாத்துறது". மச்சானின் குடி ஒரு கப்பல்காரரின் குடியாகும். மாடிவீட்டுப் பையன் போனில் ஏமாந்தது, வேறு ஊர்ப் பெண் ஒருத்தி ஏமாந்ததாகும். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார்" என்று அவர் ஆரம்பித்தால் பெஞ்சு கிறீச்சிடுவது நின்றுவிடும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் காதை வைப்பார்கள். அந்தச் சட்டை மாற்றும் வித்தையில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் அவருடைய மகளும் இருந்தாள். பள்ளிக்குள் அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவாள். ஆறாவதில் ஒருமுறை வாய் தவறி "அப்பா" என்றுவிட்டாள். அதற்குப் பிறகு வெகுநாளுக்கு மொத்த வகுப்பும் "அப்பா, பந்து குடுங்க" என்று அவரைச் சுற்றிக்கொண்டிருந்தது. மாலையில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்ததும்தான் அவர் மறுபடி அப்பா ஆவார்.

அவர் மனைவிக்கு ஒரு பரிசோதனை லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊரில் பாதிப்பேரின் முழங்கை மடிப்பு அவளுக்குத் தெரியும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு என்ன, ஒரு வார்த்தை வீட்டில் சிந்தமாட்டாள். "இன்னைக்கு யாரு வந்தா?" என்று இவர் வாயைக் கிளறினால், "கைங்க வந்துச்சு" என்பாள்.

அந்த வாரம் பாடம் மனச்சோர்வு. புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கமும், கன்னத்தில் கைவைத்த ஒரு படமும் இருந்தன. படத்தைப் பார்த்துப் பின்பெஞ்சு சிரித்தது. "எங்க மாமாவுக்கு லோன் கிடைக்காதப்ப இப்படித்தான் சார் உக்காந்திருந்தார்" என்றான் ஒருவன். இவருக்குச் சுருக்கென்றது. இது சிரிக்கிற விஷயமல்ல என்று புரியவைக்க வேண்டும், இப்போதே புரியவைக்க வேண்டும் என்ற வேகத்தில் கை தேடியபோது, மனசின் அடித்தட்டில் இருந்த கதைதான் அகப்பட்டது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருந்தாங்க. பேங்க்ல வேலை. குழந்தை பொறந்துச்சு. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, அவங்களுக்கு மட்டும் அந்தக் குழந்தையத் தொடவே பிடிக்கல."

வகுப்பு அடங்கியது. அவர் சொல்லிக்கொண்டே போனார். குழந்தை அழுதால் அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்காவது போய்விடலாம் என்று வாசல்வரை வந்துவிட்டாள். அது கெட்ட மனசு இல்லை, ஒரு நோய். நல்லவேளை, அவள் வீட்டுக்காரர் புரிந்துகொண்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்து, பேச்சு, கொஞ்சம் தூக்கம். சரியாகிவிட்டது. பேங்க், ஊர், வயது எல்லாவற்றுக்கும் புதுச்சட்டை போட்டாயிற்று. எந்த இடத்திலும் நூல் பிரியவில்லை.

முன்பெஞ்சில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அதுவரைக்கும் அந்தப் பாப்பாவை யாரு சார் தூங்க வெச்சா?"

எதிர்பாராத கேள்வி. வாய் முந்திக்கொண்டது. "அவர்தான். பாட்டெல்லாம் வராது அவருக்கு. மெதுவா விசில் அடிப்பார், தூங்கிடும்."

யாரோ "ஓ..." என்று இழுத்தார்கள். ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே அறுந்தது. தலைகள் ஒவ்வொன்றாக மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பின. மகள் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் திறந்தாள், மூடினாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. புத்தகத்தைப் பார்த்து வாசித்தே ஓட்டினார்.

மாலையில் ஸ்கூட்டர் பக்கம் அவள் வரவில்லை. வீட்டுக்கு நடந்தே போயிருந்தாள். இவர் போனபோது கூடத்தில் உட்கார்ந்து கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் வெள்ளைக் கோட்டு மடியில் இருந்தது.

"அது நான்தானே?"

"குட்டி..."

"அம்மாவுக்கு என்னைத் தொடவே பிடிக்கல."

"அப்படி இல்லம்மா. அது நோய். பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு வரும். அவங்க தப்பு கிடையாது, குழந்தை தப்பும் கிடையாது..."

"இது கிளாஸ்ல சொன்னது. வேற ஏதாவது சொல்லுங்க."

நாற்பது பிள்ளைகள் முன்னால் அருவியாகக் கொட்டுகிறவர், ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். இந்தக் கதையைப் பெண் வளர்ந்த பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது என்று மனைவி அவர் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். இவரும் தலையாட்டியிருந்தார். மகள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

மனைவி ஸ்பிரிட் வாசனையோடு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். மகள் சொல்லி அவள் தெரிந்துகொள்வதற்கு முன்னால், அந்த ஒரு மரியாதையையாவது செய்துவிட வேண்டும் என்று நினைத்தார். அவள் போய்க் கையைக் கழுவினாள். லேபில் கழுவுவதுபோல விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள்.

"அவ இருந்தாளா கிளாஸ்ல?"

"இருந்தா."

"அவ இருக்கான்னு தெரிஞ்சேதான் ஆரம்பிச்சீங்க."

"பேரு சொல்லல. பேங்க்ல வேலைன்னுதான்..."

"ஓ. என்னை பேங்க்ல சேத்துவிட்டீங்க." குழாயை மூடினாள். "டாக்டர்கிட்ட போனதையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யாரு கூட்டிட்டுப் போனதா சொன்னீங்க?"

அதுவரை அவருக்கே அது உறைக்கவில்லை. எத்தனையோ வருஷமாக மனசுக்குள் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, தனக்கும் ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார். நடந்தது வேறு. "எல்லா அம்மாவுக்கும் இப்படித்தான் இருக்கும், நீ பெருசு பண்ணாதே" என்று அன்றைக்கு அவர் மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார். அவள்தான் குழந்தையை மாடிவீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டுத் தன்னந்தனியாக பஸ் ஏறிப் போனாள். மாத்திரைச் சீட்டோடு திரும்பி வந்த பிறகுதான் இவர் நம்பினார்.

"ராத்திரியெல்லாம் விசில் அடிச்சீங்க, அது நிஜம்" என்றாள். "அவ தூங்கினா. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே நீ ஒண்ணுக்கும் லாயக்கில்லன்னு யாரோ சொல்ற மாதிரி இருக்கும். அதையும் சொல்லியிருக்கலாமே."

மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் மடித்த துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஒருதரம் மகள் அழுதாள். இன்னொருதரம், நம்பமுடியாமல், இரண்டுபேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தனக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து போய் அரிசி களைந்து குக்கரில் வைத்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது மகள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "கிளாஸ்ல தப்பா சொன்னா அடுத்த கிளாஸ்லயே திருத்தணும்னு நீங்கதான் சொல்வீங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். திருத்த வேண்டுமானால் அவள் கதையை மறுபடி தொட வேண்டும். அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்:

"ஒரு வரி சொல்லலாம். அவங்க தானாவே டாக்டர்கிட்ட போனாங்கன்னு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

அடுத்த வாரம் அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். மகள் மூன்றாவது பெஞ்சை விட்டுக் கடைசிக்குப் போயிருந்தாள்.

"போன வாரம் ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். அந்த அம்மாவை யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. அவங்க தானாவே போனாங்க."

முடிந்தது என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அதே முன்பெஞ்சுப் பெண் விடவில்லை. "அப்ப அந்த வீட்டுக்காரர் என்ன சார் பண்ணார்?"

சாக்பீஸ் கையிலேயே நின்றது. இதற்கு அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் இது மட்டும் அவருடையது.

"அவர் நம்பல" என்றார்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. பின்பெஞ்சில் லோன் மாமாவின் மருமகன்கூட ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். பையை இரண்டு தோளிலும் மாட்டியிருந்தாள். ஏறுகிற எண்ணம் தெரியவில்லை.

"ஒரு வரிதான் சொல்லலாம்னு அம்மா சொன்னாங்க. நீங்க ரெண்டு சொன்னீங்க."

"ரெண்டாவது என்னைப் பத்திடா."

"எனக்குத் தெரியும். ஆனா அம்மாகிட்ட நான் சொல்லப்போறதில்ல." பை வாரை இறுக்கிக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்கப்பா. செருப்பக் கழட்டும்போது வேண்டாம். அவங்க உக்காந்தப்புறம் சொல்லுங்க."

சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அவர் சாவியைத் திருகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே அவள் பின்னால் நடந்தார். பழக்கதோஷத்தில் விசிலடிக்க உதடு குவிந்தது. கடித்துக்கொண்டார்.