ஏழாம் நம்பர் ஆஜர்

கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்; எந்த ஊரிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை.

களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைக்கப் பன்னிரண்டு பெண்கள். சுணை அரிக்கும் என்று கண் மட்டும் தெரிய முகத்தைத் துண்டால் சுற்றியிருப்பார்கள். ஆளுக்கொரு நம்பர். காலையில் மேஸ்திரி ஆஜர் நோட்டைப் பார்த்தபடியே நம்பர் கூப்பிடுவார். பதில் வந்தால் போதும், நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

ஒருநாள் பன்னிரண்டு பதில் வந்தது. களத்தில் பதினோரு பேர்தான். திரும்ப எண்ணினேன். பதினொன்று. ஏழாவது ஆள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு வரிசை நகர்ந்தது. ஆனால் அந்த இடத்து நெல்லும் கிளறிக் கிடந்தது.

அதன்பின் தினமும் கவனித்தேன். "ஏழு" என்றால், "இருக்கேன்" என்று தாழ்ந்த, அடைத்த குரல். யார் வாயிலிருந்து வருகிறதென்று தெரியவில்லை. மூட்டையோடு போகும்போது அந்த ஏழாவது இடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.

டீ நேரத்தில் பெண்களிடம் கேட்டேன். மூத்தவள் சிரித்தாள்.

"பேயின்னு பயந்துட்டியா தம்பி? ஏழாம் நம்பர்காரிக்குப் புள்ள பொறந்து ஒம்போது நாளாச்சு. வரலன்னா நம்பர அடிச்சுட்டு வேற ஆளப் போட்டுருவாங்க. ஆளுக்கொரு நாளா அவ குரல்ல நாங்கதான் சொல்றோம்."

"வெளிய சொன்ன, உன்னையும் அவிச்சுக் காயப் போட்ருவோம்," என்றாள் இன்னொருத்தி.

தினக்கூலிக்கும் பிரசவ விடுப்பு உண்டு என்று தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் சொல்லி, பெண்கள் அவளுக்காக மனுப் போட்டார்கள். தொழிலாளர் அதிகாரி மில்லுக்கு வந்தார். பச்சைப்பிள்ளையோடு அவளும் வந்து நின்றாள். முதலாளி நோட்டை நீட்டினார்.

"புள்ள பொறந்த அன்னிக்கும் ஆஜர், சார். மறுநாளும் ஆஜர். இவளுக்கு எதுக்கு லீவு?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. வேலையைக் காப்பாற்றப் போய் விடுப்பை அழித்திருந்தார்கள். நாளைக்கே அவள் களத்துக்கு வர வேண்டும்.

"நீ வரலன்னா யாரும்மா பதில் சொன்னது?" என்றார் அதிகாரி.

அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் பதினோரு பேருக்கும் வேலை போகும்.

மூத்தவள் துண்டை அவிழ்க்காமலே, "இருக்கேன்," என்றாள். அடுத்தவளும் "இருக்கேன்." வரிசை முழுக்க அதே தாழ்ந்த குரல். பதினோரு பேர் என்று கண் சொன்னது, காதுக்கு ஒருத்திதான். அழுதுகொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கியது. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "லீவு எழுதுங்க," என்றார் முதலாளியிடம்.

நெல் மலையாகக் குவிந்து கிடந்ததால் முதலாளி யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளுக்கு விடுப்பு எழுதினார்கள், பிள்ளை பிறந்த நாளிலிருந்து அல்ல, அதிகாரி வந்த அன்றிலிருந்து. அதற்கு முந்தைய நாட்களை யாரும் திருத்தவில்லை. அந்த நாட்களில் அவள் களத்தில்தான் நின்றாள் என்கிறது நோட்டு.